“பரவாயில்லை” என்பதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

நான்கு ஆண்டுகளாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். லூபஸ் நோய்க்காக நான் பார்க்கும் டாக்டர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பார். “பரவாயில்லை டாக்டர்” என்பேன். அவர் பரிசோதனைத் தாள்களைப் புரட்டுவார், விரல் மூட்டுகளை அழுத்திப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்வார், மருந்துச் சீட்டு எழுதுவார். மன்னார்குடியிலிருந்து விடிகாலை பஸ்ஸில் திருச்சிக்குப் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, உள்ளே இருப்பது ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் என் இரண்டு மாத வாழ்க்கைக்கு நான் கொடுத்த ஒரே சாட்சியம் அந்தச் சொல்தான். விரல் மடங்காத மாதத்திலும் பரவாயில்லை, மதியம் முழுக்கப் பாயில் கிடந்த மாதத்திலும் பரவாயில்லை.

என் தொழில் தையல். இரண்டு இயந்திரங்கள் போட்ட சிறிய கடை. “பழைய அளவேதான், அப்படியே தைத்துவிடுங்கள்” என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். டேப்பை எடுத்து அளந்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பேன். அப்படிப்பட்ட நான் என் உடம்புக்கு மட்டும் வாய்க்கு வந்த அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது 2021இல்தான் எனக்கு உறைத்தது.

நோய் வந்தது 2017இல். முதலில் கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் கருமை படர்ந்தது. மங்கு என்றார்கள். கஸ்தூரி மஞ்சள் பூசினேன், களிம்பு வாங்கித் தடவினேன், மாதங்கள் ஓடின. லூபஸ் பற்றிய படங்களில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் முகம் சிவந்திருக்கும். நம் மாநிறத் தோலில் அது பல நேரம் சிவப்பாகத் தெரியாது. கருத்தோ பழுப்பாகவோதான் தெரியும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்குக் கிட்டத்தட்ட ஓராண்டு மிஞ்சியிருக்கும். விரல்கள் வீங்கிக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போன பிறகே, வாய்ப்புண், கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி, விட்டு விட்டு வரும் காய்ச்சல் எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்கத் தெரிந்த மூட்டுவாதச் சிகிச்சை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், உடலையே எதிரியாக எண்ணித் தாக்கும் நோய் இது என்று விளக்கினார். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் என்றும் சொன்னார்.

2021இல் அந்த மருத்துவமனையில் மேற்படிப்பு படிக்கும் ஒரு பெண் டாக்டர் தன் ஆய்வுக்காக நோயாளிகளிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார். என்னையும் அழைத்தார்கள். பக்கத்து அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கையில் தாளோடு ஒரு சிஸ்டர். மொத்தம் 34 கேள்விகள். ‘லூபஸ் கியூஓஎல்’, அதாவது லூபஸ் நோயாளியின் வாழ்க்கைத் தரம், என்பது அதன் பெயர். லூபஸ் நோயாளிகளிடமே பேசி, அவர்கள் சொன்னதிலிருந்து இங்கிலாந்தில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட கேள்வித்தாள். கடந்த நான்கு வாரங்களில் எப்படி இருந்தது என்று கேட்கும். ‘எப்போதும்’ என்பதில் தொடங்கி ‘ஒருபோதும் இல்லை’ என்பது வரை ஐந்து பதில்கள். அதில் ‘பரவாயில்லை’ என்று ஒரு கட்டம் இல்லை.

சிஸ்டர் வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக் கேட்டார். “சோர்வாக இருக்கிறதா?” என்றதும் “அதெல்லாம் இல்லை” என்றேன். எனக்குச் சோர்வு என்றால் மனம் தளர்ந்து போவது. நான் மனம் தளரவில்லை என்று காட்டிக்கொள்ளத்தான் இத்தனை ஆண்டுகளும் பாடுபட்டேன். வெளியே உட்கார்ந்திருக்க வேண்டிய என் அத்தை, கணவரின் அம்மா, என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். “என்னம்மா இல்லை என்கிறாய்? மூன்று மணிக்கெல்லாம் அடித்துப் போட்டாற்போல் கிடக்கிறாயே” என்றார். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். களைப்பு வேறு, அது வேலை செய்தால் வருவது, படுத்து எழுந்தால் போய்விடும். அசதி வேறு. எனக்கு வருவது இரண்டும் இல்லை. காலையில் எழும்போதே யாரோ உடம்பிலிருந்து சாரத்தைப் பிழிந்து எடுத்துவிட்டது போன்ற ஓய்ச்சல். இதைச் சொல்லி முடித்தபோது, ஓய்ச்சல் பற்றிய நான்கு கேள்விகளையும் மறுபடி முதலிலிருந்து கேட்டார். ஒரு சொல் மாறினால் விடை மாறிவிடுகிறது. கேள்வித்தாளை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியோடு நின்றுவிடாமல் நோயாளியின் வீட்டுத் திண்ணையிலும் ஒரு நாள் உட்கார வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

கணவன் மனைவி உறவு பற்றிய கேள்விகள் வந்தபோது சிஸ்டர் தானாகவே “அம்மா, நீங்கள் சற்று வெளியே இருங்கள்” என்று அத்தையை அனுப்பிவிட்டார். அந்த நாகரிகத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். இரண்டுமே நம் உரிமை என்று எனக்கு அதுவரை தெரியாது.

மற்றவர்களுக்குச் சுமையாக இருப்பதாகத் தோன்றுகிறதா என்ற பகுதியில் உடைந்துவிட்டேன். அப்போது என் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்குப் போகுமுன் இரட்டை ஜடை பின்ன வேண்டும். கையை என் தோளுக்கு மேல் தூக்கிப் பத்து நிமிடம் நிறுத்த முடியாது. ஒரு ஜடை நான் பின்னுவேன், மறு ஜடையை அத்தை பின்னுவார். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. அதை யாரிடமும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. மருத்துவமனையில் சொல்லத்தக்க விஷயம் என்றே நான் நினைக்கவில்லை.

விடைகளை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறார்கள். உடல் நலம், வலி, திட்டமிடுதல், நெருங்கிய உறவு, பிறருக்குச் சுமை, மனநிலை, தோற்றம், ஓய்ச்சல். கூடுதல் மதிப்பெண் என்றால் நல்லது. எனக்கு ஓய்ச்சலில் 25, பிறருக்குச் சுமை என்பதில் 17.

அதே நாளில் டாக்டரின் கணக்கில் நான் முதல் வகுப்பில் தேறியிருந்தேன். அவர் பயன்படுத்துவது நோயின் தீவிரத்தை அளக்கும் ‘ஸ்லெடாய்’ என்னும் அளவுகோல். கனடாவின் டொராண்டோவில் 1980களில் உருவானது. 24 அம்சங்கள், மிக அதிகமாக 105 மதிப்பெண் வரலாம், இதில் குறைவாக இருந்தால்தான் நல்லது. வலிப்பு வந்தால் 8, மூட்டு வீங்கினால் 4, சிறுநீரில் புரதம் போனால் 4, புதிதாக முடி கொட்டினால் 2, வாய்ப்புண்ணுக்கு 2, காய்ச்சலுக்கு 1. அன்று என் மதிப்பெண் வெறும் 2. அதுவும் ரத்தத்தில் சி3 என்னும் புரதம் சற்றுக் குறைந்திருந்ததற்காக. அந்த 24 அம்சங்களில் ஓய்ச்சல் இல்லை. எனக்கு அதைப் படித்துக் காட்டியபோது இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

கோபம் வந்தது. அந்த இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். நோய் உறுப்புகளைத் தாக்குகிறதா என்று பார்க்க உருவானது அந்த அளவுகோல். உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் பிறந்தது. 1950களில் லூபஸ் என்று கண்டறிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். ஆள் பிழைப்பாரா என்பதே கேள்வியாக இருந்த காலத்தில் ஜடை பின்ன முடிகிறதா என்று யாரும் கேட்டிருக்க முடியாது. பிழைத்தவர்கள் பெருகப் பெருகத்தான் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி வந்தது. 1998இல் ஓமெராக்ட் என்ற பன்னாட்டு அமைப்பு, லூபஸ் மருந்து ஆய்வுகளில் நோயின் தீவிரம், உறுப்புகளில் தங்கிவிட்ட சேதம், மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றோடு வாழ்க்கைத் தரத்தையும் அளந்தே ஆக வேண்டும் என்று பரிந்துரைத்தது.

சேதத்துக்குத் தனிக் கணக்கு இருப்பதும் அன்றுதான் தெரிந்தது. 1996இல் வந்த ‘ஸ்லிக்’ சேதக் குறியீட்டில் 41 அம்சங்கள். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அதைச் சேதம் என்று எழுதுவார்கள். நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பிரிப்பதில்லை. ஸ்டீராய்டால் கண்ணில் புரை விழுந்தாலும் அதில் ஒரு புள்ளி. இந்தக் கணக்கு ஏறுமே தவிர இறங்காது. அதனால்தான் டாக்டர்கள் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டின் அளவைக் குறைத்துக்கொண்டே வரப் போராடுகிறார்கள் என்பது புரிந்தது. ஒரு நாளுக்கு 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவருவது இன்றைய இலக்கு. நம் பொறுமையின்மையால் அந்தப் போராட்டத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அன்று என் முதல் எண்ணம் ஸ்டீராய்டைக் கூட்டச் சொல்வதுதான். வலி குறையும், தெம்பு வரும் என்று நினைத்தேன். டாக்டர் மறுத்துவிட்டார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் லூபஸின் தொல்லைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்களாம். மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, சிறுநீரக பாதிப்பு போன்ற அழற்சி முதல் வகை. ஓய்ச்சல், உடம்பெங்கும் பரவும் வலி, தூக்கக் கேடு, நினைவு மங்கல் இரண்டாம் வகை. முதல் வகைக்குப் பலிக்கும் ஸ்டீராய்டு இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் பலிக்காது. அதற்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேடினோம். ஹீமோகுளோபின் 9.1 இருந்தது. வெயிலுக்குப் பயந்து நான்கு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே இருந்ததில் வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று என் தப்பிலேயே இருந்தது. நோய் கடுமையாக இருந்தபோது ஸ்டீராய்டை இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பிட்ட பழக்கத்தை, அளவு குறைந்த பிறகும் விடவில்லை. இரவு மாத்திரை என் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. “இரவு தூங்குகிறீர்களா?” என்று யாரும் கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன். நானும் சொல்லவில்லையே. முழு அளவையும் காலையில் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னார்கள். இரும்புச் சத்துக்கும் வைட்டமினுக்கும் மருந்து கொடுத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு தெருவில் நடக்கச் சொன்னார்கள். முதல் வாரம் நான்கு வீடு தாண்டித் திரும்பினேன்.

அப்போதுதான் நோட்டு ஒன்று போட்டேன். கடையில் அளவு எழுதும் அதே நீள நோட்டு. மருத்துவமனையில் ஆய்வு முடிந்ததும் கேள்வித்தாள் போய்விடும், நான் எங்கே போவேன்? ஆகவே என் வாழ்க்கையிலிருந்தே கேள்விகளை எடுத்தேன். காலையில் எழுந்து விரல்கள் முழுதாக மடங்க எத்தனை நிமிடம் ஆனது. வாரத்தில் எத்தனை ரவிக்கை முடித்தேன். ஜடையை ஒரே மூச்சில் பின்ன முடிந்ததா. இரவு எத்தனை முறை விழித்தேன். போவதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாத இடம் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்விதான் மிகவும் கசப்பானது; ஆனால் அதில்தான் உண்மை அதிகம். அந்த ஆண்டு மட்டும் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா.

முதலில் தினமும் எழுதினேன். பதினேழு நாளில் கைவிட்டேன். நோயையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வைத்தது. பிறகு ஞாயிறு இரவு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். அது நிலைத்தது. ஒன்று மட்டும் கண்டிப்பு: திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்து முந்தைய இரண்டு மாதத்தையும் நினைவிலிருந்து எழுதக் கூடாது. ஒருமுறை அப்படி எழுதிப் பார்த்தேன். முந்தைய நாள் வலி எட்டு வாரத்துக்கும் சாயம் ஏற்றிவிட்டது. டேப்பை எங்கே பிடித்து எப்போது அளந்தோமோ, அடுத்த முறையும் அங்கேயே பிடித்து அளந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

வீட்டார் மதிப்பீட்டை நம்பியும் இருக்கக் கூடாது. ஸ்டீராய்டால் என் முகம் உப்பிப் பூரித்திருந்தபோது “இப்போதுதான் சதை பிடித்துப் பார்க்க நன்றாக இருக்கிறாய்” என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். என் கணவரும் அப்படியே நம்பினார். அவர்மேல் குற்றமில்லை, நம் ஊரில் மெலிவுதான் நோயின் அடையாளம். என் பழைய அளவு ரவிக்கையை எடுத்து, அக்குளிலும் கையிலும் பிடித்திருந்த தையல் அத்தனையும் பிரித்தும் நுழையவில்லை என்று காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

மூன்று மாதம் கழித்து அதே 34 கேள்விகள். ஓய்ச்சல் 25இலிருந்து 56க்கு வந்திருந்தது, பிறருக்குச் சுமை 17இலிருந்து 50க்கு. ஸ்லெடாய் அதே 2. டாக்டரின் கணக்கில் எதுவுமே நடக்கவில்லை. என் வீட்டில் இரண்டு ஜடையும் ஒரே உயரத்தில் தொங்கின.

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னவளாவேன்.

2022 தீபாவளிக்கு முன்பு, நோய் வந்ததிலிருந்து இல்லாத தெம்போடு இருந்தேன். நோட்டில் எல்லாம் நல்ல எண்கள். விரல் ஐந்து நிமிடத்தில் மடங்கியது; வாரத்துக்கு முப்பது ரவிக்கைக்குக் குறையாமல் தைத்தேன். தீபாவளி அவசரத்தில் ஒரு தவணை பரிசோதனைக்குப் போகவில்லை. இத்தனை நன்றாக இருக்கும்போது எதற்கு என்று தோன்றியது. சிறுநீர் நுரைத்துப் போனதைக் கவனித்தேன், வேலை மும்முரத்தில் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நவம்பரில் போனபோது 24 மணி நேரச் சிறுநீரில் 1.4 கிராம் புரதம். அரை கிராமுக்கு மேல் போனாலே ஸ்லெடாயில் 4 விழும். அதோடு சி3 குறைவுக்கு 2, உடல் தன் டிஎன்ஏவையே எதிர்த்து உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஏறியதற்கு 2. ஆக 8. சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்து, உடலின் காவலை அடக்கிவைக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரை தொடங்கினார்கள். அதைச் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது, கருவுக்குக் கேடு என்று என்னையும் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். எனக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, ஓய்ச்சல் இல்லை. சிறுநீரகம் ஓசையில்லாமல் கெட்டுக்கொண்டிருந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நோட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. அது என்னை ஏமாற்றிவிட்டதாக எண்ணினேன். யோசித்துப் பார்த்தால், சிறுநீரகத்தைப் பற்றி நோட்டிடம் நான் கேட்கவே இல்லையே. மார்பளவை எடுத்துவிட்டு அதில் கையளவு எங்கே என்று தேடுவது போன்றதுதான் அது. அதன் பிறகு நோட்டின் இடப்பக்கத்தில் என் ஐந்து கேள்விகள், வலப்பக்கத்தில் சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின், ரத்த அணுக்கள், சி3, ரத்த அழுத்தம். எந்தப் பக்கம் காலியாக இருந்தாலும் பக்கத்தைத் திருப்புவதில்லை. கண் பரிசோதனைத் தேதியும் உண்டு. லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை சாப்பிட்டு ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசியில் நூல் கோத்துப் பிழைப்பவளுக்கு இதை மறக்க முடியாது.

இடப்பக்கத்திலும் ஒரு கோளாறை அண்மையில்தான் கண்டேன். போன ஆண்டு கேள்வித்தாளை மறுபடி நிரப்பியபோது ஓய்ச்சல் 75 வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நோட்டைப் பார்த்தால் ரவிக்கை எண்ணிக்கை வாரத்துக்கு இருபதுதான். தெம்பு கூடவில்லை, எனக்குப் பழகிவிட்டது. மதியம் படுப்பதைத் தொல்லையாக எண்ணுவதையே விட்டுவிட்டேன். பழகிக்கொள்வது நல்லதுதான். ஆனால் பழகியதையும் குணமானதையும் ஒன்றாக எண்ணி மருந்தை முடிவு செய்துவிடக் கூடாது. அதனால்தான் “எப்படித் தோன்றுகிறது” என்பதோடு கையால் எண்ணக்கூடிய ஒன்றையும் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

டாக்டரிடம் இப்போது நோட்டைக் கொடுப்பதில்லை. அவருக்கு அதைப் படிக்க நேரமில்லை. காத்திருக்கும்போதே ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதி உள்ளே போகும்போது முதலில் அதை நீட்டுகிறேன். போன முறையைவிட எது கூடியது, எது குறைந்தது, இன்றைக்கு எதற்கு வழி தெரிய வேண்டும். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று அவர் கேட்குமுன் அது அவர் கையில் இருக்கும்.

சென்ற ஞாயிறு இரவு எழுதியது இது: விரல், பன்னிரண்டு நிமிடம். ரவிக்கை, இருபத்திரண்டு. இரவில் விழித்தது, ஒருமுறை. போக முடியாத இடம், இல்லை. ஜடை என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து மகள் தானே பின்னிக்கொள்கிறாள். ஒற்றை ஜடைதான், தொடக் கூட விடுவதில்லை. என் தோள் எப்படி இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியவில்லை. மாடியில் ஆளுயரத்துக்கு மேல் கொடிக்கயிறு கட்டியிருக்கிறோம். நனைந்த புடவையை அதில் ஒரே வீச்சில் போட முடிகிறதா என்பதை இந்த வாரத்திலிருந்து எழுதலாம் என்றிருக்கிறேன்.